மழைக்கு முந்தும் மருந்து

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாத முதல் வாரத்தில் கர்நாடகக் கடற்கரையைத் தொடுகிறது. தட்சிண கன்னடம், உடுப்பி, உத்தர கன்னடம், சிவமொக்கா ஆகிய மாவட்டங்களில் மலையை ஒட்டிய பகுதிகள் பலவற்றில் ஆண்டு மழையளவு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி அடுத்த நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். இந்தியாவில் விளையும் பாக்கில் பெரும்பங்கைத் தருவது கர்நாடகம். கமுகு மரத்துக்கு இந்த ஈரம் வேண்டும். ஆனால் அதன் முதன்மையான எதிரியும் இதே ஈரத்தோடுதான் வந்து சேர்கிறது. கன்னடத்தில் அதன் பெயர் கொளெரோகம். அழுகல் நோய் என்று பொருள். கேரளத்தில் மகாளி என்பார்கள்.

மலையடிவாரக் கிளை ஒன்றில் சில ஆண்டுகள் வேளாண் கடன் பிரிவைக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வணிகவியல் படித்தவனுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் பாடப்புத்தகத்தில் இல்லாத சரக்குகள். எனினும், அந்தக் கிளையின் பாக்குத் தோட்டக் கடன்களில் எவை தவணை தவறாமல் திரும்பும், எவை திணறும் என்பதை நிலத்தின் பரப்பைவிட, பாக்கின் சந்தை விலையைவிட, மே மாதக் கடைசி இரண்டு வாரங்களில் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. அதனால்தான் வங்கி இதழில் ஒரு பூசணக்கொல்லியைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

ஒரு கமுகு மரம் ஓராண்டில் தாங்கும் குலைகள் மூன்று அல்லது நான்குதான். குடும்பத்தின் ஓராண்டு வருமானம் அந்தக் குலைகளிலேயே தொங்குகிறது. நோய் தொற்றினால் இளங்காயின் தொப்பிப் பகுதியை ஒட்டி நீர் கோத்தாற்போன்ற கரும்பச்சைத் திட்டு தோன்றும். காய் தன் பளபளப்பை இழக்கும். சில நாட்களில் மரத்தடியில் காய்கள் கொட்டத் தொடங்கும். கொட்டிய காய்களின்மேல் வெண்மையான பஞ்சு படரும். காம்பு வழியாக நோய் குருத்துக்கு ஏறிவிட்டால் மரமே பட்டுப்போகும். புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால், இது ஒரு பருவத்து இழப்போடு நிற்பதன்று என்பது விளங்கும்.

இந்நோய்க்குக் காரணமான உயிரியின் இனப்பெயர் பைட்டோப்தோரா. வழக்கில் பூசணம் என்றே குறிப்பிட்டாலும் அறிவியல் வகைப்பாட்டில் இது உண்மையான பூசணம் அன்று. நீர்ப்பாசிகள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவு. நடைமுறையில் இந்த வேறுபாட்டுக்கு இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, இதன் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. காயின்மேல் படிந்துள்ள மெல்லிய நீர்ப்படலமே அவற்றுக்குப் போதுமான குளம். மழையும் இடையிடையே வெயிலுமாக மாறி மாறி வரும் நாட்கள் இதற்கு மிகவும் உகந்தவை. இரண்டாவது, பிற பயிர்களில் நன்கு பயன்படும் சில பூசணக்கொல்லிகள் இதனிடம் எடுபடுவதில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

வித்து முளைத்துத் திசுவுக்குள் நுழைந்துவிட்டால், காயின் மேற்பரப்பில் பூசிய தாமிரம் அதனைத் துரத்திச் சென்று கொல்லாது. தாமிரம் வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. திருடன் வீட்டுக்குள் புகுந்தபின் வாசலில் காவலரை நிறுத்துவதில் என்ன பயன்? ஆகவே முதல் தெளிப்பு மழை தொடங்குமுன், மே மாத இறுதியிலோ ஜூன் மாதத் தொடக்கத்திலோ முடிந்திருக்க வேண்டும். மழை கழுவிக் கழுவிப் படலம் மெலிவதாலும், காய்கள் பருத்துப் புதிய பரப்பு வெளிப்படுவதாலும், 40 முதல் 45 நாட்களுக்குப் பின் இரண்டாம் தெளிப்பு தேவைப்படுகிறது. மழை நீடிக்கும் ஆண்டுகளில் மூன்றாவதும் வேண்டியிருக்கும்.

இந்தக் காவலாளியின் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டின் போர்தோ நகரை அடுத்த மெதோக் பகுதியில், சாலையோரத் திராட்சையைப் பறித்துச் செல்வோரை மிரட்டுவதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் குழம்பைக் கொடிகளின்மேல் தெளிப்பது தோட்டக்காரர்களின் வழக்கம். 1882இல் அவ்வழியே சென்ற தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, அடிச்சாம்பல் நோயால் தோட்டமெங்கும் இலை உதிர்ந்திருக்க, சாலையோர வரிசைகள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கவனித்தார். ஆய்வுகளுக்குப்பின் 1885இல் அவர் வெளியிட்ட முறையே போர்டோக் கலவை எனப்படுகிறது.

மலைநாட்டுக் கமுகுத் தோட்டங்களில் அதற்கு முன்பு வேறொரு காப்பு இருந்தது. புல்லாலும் பாக்கு மட்டையாலும் 'கொட்டெ' என்னும் உறை செய்து, மழைக்கு முன் ஒவ்வொரு குலைக்கும் குடை பிடிப்பதுபோல் கட்டிவிடுவார்கள். பெரும் உழைப்பைக் கோரிய வேலை அது. 1908இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்த கனடா நாட்டு அறிவியலாளர் லெஸ்லி கோல்மன் இந்நோயை விரிவாக ஆராய்ந்து 1910இல் அறிக்கை வெளியிட்டார். போர்டோக் கலவையோடு குங்கிலியமும் சோடாவும் சேர்த்துக் காய்ச்சிய பசையைக் கலந்தால் கனமழையிலும் மருந்து ஒட்டி நிற்கும் என்று காட்டி, அதைத் தோட்டங்களில் பரப்பியவரும் அவரே. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை முறை மாறவில்லை. உறையிடுதலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பாலித்தீன் உறைகளாக வடிவம் மாறி, சிறு தோட்டங்களில் இன்றும் அது கையாளப்படுகிறது.

கலவை தயாரிப்பில்தான் பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன என்பது அப்பகுதித் தோட்டக்கலை அலுவலர்கள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. அளவு எளிமையானது. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். துணியில் முடிந்து நீரின் மேற்பகுதியில் தொங்கவிட்டால் இரவுக்குள் தானே கரைந்துவிடும். அடியில் கொட்டினால் கட்டியாகக் கிடக்கும். சுண்ணாம்பைச் சிறிது நீர் விட்டு நீற்றி, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மீதி 50 லிட்டர் நீரில் கலக்க வேண்டும். நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் குழந்தைகளை அருகில் விடலாகாது.

பின்னர், மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். அல்லது இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றலாம். மாற்றிச் செய்தாலும், சுண்ணாம்பு சூடாக இருக்கும்போதே கலந்தாலும், துகள்கள் பருமனாகிக் கலவை விரைவில் அடியில் தங்கிவிடும். அத்தகைய கலவை காயின்மேல் படலமாகப் படியாது. இரும்பு, துத்தநாகப் பாத்திரங்கள் கூடா. பிளாஸ்டிக் பீப்பாயோ சிமெண்ட் தொட்டியோ ஏற்றது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு இரண்டு கிலோ, இரண்டு கிலோ என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

கலவை சரியாக அமைந்ததா என்பதை அறியத் துருவில்லாத ஒரு கத்தி போதும். துலக்கிய கத்தியின் நுனியைச் சில நிமிடங்கள் கலவையில் அமிழ்த்தி எடுக்கும்போது அதன்மேல் செந்நிறப் பூச்சு படிந்திருந்தால், தாமிரம் இன்னும் கட்டுப்படாமல் நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் தெளித்தால் காயும் பாளையும் கருகும். பூச்சு படியாத அளவுக்குச் சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு பழையதாகி, காற்றுப்பட்டுப் பொடிந்திருந்தால் எடைக்கு எடை போட்டாலும் போதாமல் போகும். மலிவாகக் கிடைத்ததென்று சென்ற ஆண்டு மூட்டையை எடுத்துப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கத்திச் சோதனை பெரும் துணை. கலவையை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குன்றும்.

இத்தனை வேலை எதற்கு, பொட்டலத்தைப் பிரித்து நீரில் கரைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் தாமிர மருந்துதான், வசதியானது. ஆயினும், நாட்கணக்கில் விடாது பெய்யும் மழையில் ஒட்டி நிற்கும் ஆற்றலில் புதிதாகத் தயாரித்த போர்டோக் கலவைக்கே அங்குள்ள தோட்டக்காரர்கள் முதலிடம் தருகிறார்கள். நான் பார்த்த அளவில் அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

இனித் தெளிப்பு. கமுகு 30 அடியிலிருந்து 60 அடிவரை உயரும். குலைகள் இலைக்கொத்துக்குக் கீழே, தண்டை ஒட்டித் தொங்குபவை. கீழிருந்து பீய்ச்சினால் குலையின் அடிப்பகுதி மட்டும் நனையும். மேலிருந்து விழும் துளிகளை இலைகள் தடுத்துவிடும். ஆளில்லா வானூர்திகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். நெல்வயலில் அவை காட்டும் திறமையை இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாக்குக் குலையிடம் அப்படியே எதிர்பார்ப்பது பொருந்தாது. குலையின் எல்லாப் பக்கங்களிலும், காயின் தொப்பி ஓரத்திலும் நுண்துளிகளாக மருந்து படிய வேண்டும். அதற்கு மனிதக் கையே அருகில் செல்ல வேண்டியுள்ளது.

காலில் தளைக்கயிறு, கையில் நீண்ட குழாயின் தெளிமுனை. ஒரு மரத்தின் உச்சியை அடைந்தவர், இறங்காமலே அதனை வளைத்து அடுத்த மரத்துக்குத் தாவிச் செல்லும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மழைக்கு முந்திய அந்த இரண்டு வாரங்களில் ஊர் முழுவதற்கும் இத்தகைய மரமேறிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆள் கிடைக்காமல் தெளிப்பு ஜூன் மாத நடுவுக்குத் தள்ளிப்போகும்போது, மரம் வழுக்கும், மருந்து ஒட்டாது, ஆபத்தும் செலவும் ஒன்றாக ஏறும். மழை விட்ட சில மணி நேரத்தில் ஈரமான குலையின்மேல் அவசர அவசரமாகத் தெளிப்பதைவிட, காய்ந்த குலையின்மேல் ஒருமுறை ஒழுங்காகத் தெளிப்பதே மேல்.

அண்மைக் காலத்தில் கார்பன் இழையால் ஆன நீளும் கம்புகள் பரவிவருகின்றன. தரையில் நின்றபடியே குலைவரை தெளிமுனையை உயர்த்தலாம். எடை குறைவு. விலை அதிகம் என்பதால் இரண்டு மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்குவதும், இளைஞர்கள் கடன்பெற்று வாங்கி வாடகைக்குத் தெளித்துக் கொடுப்பதும் நடைமுறைக்கு வந்துள்ளன. இத்தகைய கருவிகளுக்கும் விசைத் தெளிப்பான்களுக்கும் தவணைக் கடன் வழங்க வங்கிகள் தயங்குவதில்லை.

நோய் தோன்றிய தோட்டத்தில் மருந்தைவிட முந்திக்கொள்ள வேண்டிய வேலை ஒன்றுண்டு. கொட்டிய காய்களையும் அழுகிய குலைகளையும் திரட்டி அப்புறப்படுத்தி அழித்துவிட வேண்டும். மரத்தடியில் கிடக்கும் ஒவ்வொரு காயும் அடுத்த தொற்றுக்கான விதைப்பெட்டி. வடிகால் சீராக இருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. தாமிரம் மீன்களுக்கு நஞ்சு என்பதால், கலவை மிச்சத்தையும் பீப்பாய் கழுவிய நீரையும் ஓடையில் கொட்டுவது அறவே தவிர்க்கப்பட வேண்டும்.

நோய் கண்டதும் பதற்றத்தோடு மருந்துக் கடைக்குச் செல்லும்போது கையில் திணிக்கப்படும் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பண்டசிம் நல்ல பூசணக்கொல்லிதான். பல பயிர்களில் பல நோய்களைத் தடுக்கும். ஆனால் முன்னே சொன்னபடி, பைட்டோப்தோரா உண்மையான பூசணம் அன்று. கார்பண்டசிம் அதனைத் தொடுவதே இல்லை. கொளெரோகத்துக்கு அதை வாங்குவது ஆயிரக்கணக்கில் பணத்தை மழைநீரில் கரைப்பதற்கு ஒப்பாகும். மெட்டலாக்சில் போன்ற, திசுவுக்குள் ஊடுருவும் மருந்துகள் இவ்வுயிரியின்மேல் வேலை செய்பவை. எனினும் அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நோயுயிரி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். இதே இனத்தைச் சேர்ந்த உருளைக்கிழங்குக் கருகல் நோயின் உயிரி 1980இல் அயர்லாந்தில் மெட்டலாக்சிலுக்கு அடங்க மறுத்தது. அந்த மருந்து சந்தைக்கு வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தாமிரம் நோயுயிரியைப் பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்குவதால், நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டும் தன் இடத்தை இழக்கவில்லை.

எந்த மருந்தாயினும் அதன் உறையில் பயிரின் பெயரும் நோயின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிற முக்கோணங்கள் நச்சுத்தன்மையை இறங்குவரிசையில் காட்டுகின்றன. ரசீது கேட்டுப் பெறுங்கள். போலி மருந்து என்று பின்னர் முறையிட நேர்ந்தால், தொகுதி எண் எழுதிய அந்த ரசீதே உங்கள் பக்கம் பேசும்.

இப்போது வங்கியின் நாட்காட்டிக்கு வருவோம். பாக்கின் வரவு பெரும்பாலும் மழைக்காலம் கழிந்தபின், அறுவடையும் பதப்படுத்தலும் முடிந்து சரக்கு சந்தைக்குச் சென்றபின் வருகிறது. கடற்கரைப் பகுதியில் பழுத்த காயை முற்றத்தில் 40 நாட்களுக்குமேல் உலர்த்தி உரிப்பது வழக்கம். செலவோ மே மாதத்தில் நிற்கிறது: மயில்துத்தம், சுண்ணாம்பு, கூலி, தெளிப்பானின் பழுது. கையில் பணமில்லாத நேரத்தில், வரப்போகும் விளைச்சலைத் தனக்கே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வியாபாரி முன்பணம் நீட்டுவார். தெளிப்புக்கு வாங்கிய சிறுதொகைக்காக, முழு விளைச்சலின் விலையைப் பேசும் உரிமையை இழந்த குடும்பங்களை நான் அறிவேன்.

உழவர் கடன் அட்டை இருப்பது இந்த இடைவெளிக்காகத்தான். மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிருக்கு நிர்ணயிக்கும் கடனளவோடு, அறுவடைக்குப் பிந்திய குடும்பச் செலவுக்கு 10 சதவீதமும், பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்த்தே அதன் வரம்பு கணக்கிடப்படுகிறது. ஆகவே தெளிப்பானின் பழுதுபார்ப்புக்குத் தனியே அலைய வேண்டியதில்லை. அரசின் வட்டிச் சலுகைக்குரிய வரம்புக்குள் ஆண்டு வட்டி 7 சதவீதம். குறித்த நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதமே ஆகிறது. ஆனால் அட்டையின் ஆண்டுப் புதுப்பிப்பை ஜூன், ஜூலை வரை தள்ளிப்போடுபவருக்கு மே மாதத்தில் இந்த வசதி கைகொடுக்காது. நிலப்பதிவேட்டின் நகலோடு ஏப்ரல் மாதத்திலேயே கிளைக்கு வந்துவிடுங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் வற்புறுத்தியதற்கு, மார்ச் மாத நெருக்கடி முடிந்து கிளை சற்றே மூச்சுவிடும் காலம் அது என்பதும் ஒரு காரணம்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு தெளிவு தேவை. கர்நாடகத்தில் பாக்குக்கு வானிலை அடிப்படையிலான காப்பீடு நடைமுறையில் உள்ளது. உழவர் செலுத்தும் கட்டணம் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். இதில் இழப்பீடு, அறிவிக்கப்பட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழையளவு முதலியவற்றைக்கொண்டு கணக்கிடப்படுமே தவிர, உங்கள் தோட்டத்தில் எத்தனை காய் கொட்டியது என்பதைக்கொண்டு அன்று. மழை அளவு எல்லைக்குள் இருந்து, தெளிக்காத காரணத்தால் விளைச்சல் போனால், காப்பீடு கைகொடுக்காது. 2020ஆம் ஆண்டு காரீஃப் பருவத்திலிருந்து கடன் பெற்றோருக்கும் இக்காப்பீடு கட்டாயமன்று. வேண்டாம் என்பவர் இறுதி நாளுக்கு ஏழு நாட்கள் முன்பே கிளையில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சேலம், கோயம்புத்தூர், நீலகிரி மாவட்டங்களில் கமுகு பயிரிடும் அன்பர்களுக்கு, மழையின் காலமும் அளவும் வேறுபடுவதால், தெளிப்பு நாட்களை அங்குள்ள தோட்டக்கலைத் துறையிடம் கேட்டு அமைத்துக்கொள்வது நலம். கலவையின் அளவும் கத்திச் சோதனையும் எங்கும் ஒன்றே. கமுகின்மேல் மிளகுக் கொடியை ஏற்றியிருப்போருக்கு இரட்டை ஆதாயம் உண்டு: மிளகின் வாடல் நோய்க்கும் பைட்டோப்தோரா இனமே காரணம் என்பதால், அதே பீப்பாயிலுள்ள ஒரு சதவீதக் கலவையே அதற்கும் காப்பு.

தெளிப்புக்கு மரமேறும் தொழிலாளியைப் பற்றித் தோட்டக்காரரும் கிளையும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள, வங்கிக் கணக்கு உடைய எவரும் சேரலாம். ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ முழு நிரந்தர ஊனம் அடைந்தாலோ 2 இலட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். இதன் காப்புக்காலம் ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை. அதாவது தெளிப்புப் பருவத்தோடு தொடங்குவது. கணக்கிலிருந்து கட்டணம் தானாகப் பற்று வைக்கப்படுவது மே மாதக் கடைசியில். அந்நேரம் கணக்கில் 20 ரூபாய் இல்லாததால் மட்டுமே காப்பு விட்டுப்போன தொழிலாளர்கள் உண்டு. கூலியை ரொக்கமாகத் தராமல் மே மாதத்திலேயே ஒரு பகுதியை அவர் கணக்கில் செலுத்தினால் இச்சிக்கல் தீரும். ஒருவருக்குப் பல கணக்குகள் இருந்தாலும் ஒரு கணக்கின் வழியாக மட்டுமே சேர முடியும். வாரிசுதாரரின் பெயர் பதிவாகியுள்ளதா என்பதைச் சேரும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தால் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும், உயிரிழப்பாயின் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், ஊனமாயின் அரசு மருத்துவரின் சான்றிதழும் கோரிக்கைப் படிவத்தோடு தேவைப்படும். அவற்றைத் தாமதமின்றிக் கணக்குள்ள கிளையில் ஒப்படைக்க வேண்டும்.